ஒரு தீயணைப்பாளரின் பற்றுவரவு

நடுத்தரத் தீயணைப்பு வண்டி ஒன்று தன் தாங்கியில் கொண்டுவரும் தண்ணீர் ஏறத்தாழ 4,000 லீற்றர். கையால் பிடிக்கும் குழாய் ஒன்று நிமிடத்துக்கு 450 லீற்றர் வரை கொட்டும். வகுத்துப் பார்த்தால் ஒன்பது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டு குழாய்களைத் திறந்தால் நாலரை நிமிடம். அதற்குப் பிறகு பவுசர் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் கிணறோ குளமோ வாவியோ இருக்க வேண்டும். "தண்ணி முடிஞ்சா நாங்களும் வேடிக்கை பாக்கிற ஆக்கள்தான் மனே" என்பார் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. இலங்கையின் கிழக்கில் ஓர் உள்ளூராட்சி சபையின் தீயணைப்புப் பிரிவில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தார். அறுபதில் ஓய்வு. அண்மையில் காலமானார். பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் பிறந்த திகதி, இறந்த திகதி, மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் நிறைவாக இருந்தன. தொழிலைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை இலக்கமாக விரித்தால் என்ன வரும் என்று பார்க்கவே இதை எழுதுகிறேன். எத்தனை தீ, எத்தனை மணி நேரம் புகை என்று அவர் பேரில் யாரும் பதிந்து வைத்ததில்லை. ஆகவே தொழிலின் பொதுக் கணக்கைக் கொண்டுதான் அவருடைய கணக்கைக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறி ஆவியாகிப் போவதற்குள் ஏறத்தாழ 2.5 மெகாயூல் வெப்பத்தை விழுங்கிவிடும். ஆவியானதும் 1,700 லீற்றராக விரியும். தீயணைப்பின் முழு வித்தையும் இந்த இரண்டு இலக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் ஓடி வழிந்தால் வீண், ஆவியாக வேண்டும். அதனால்தான் பழகிய கை, தீயின் நெஞ்சுக்குத் தாரையைத் தூறலாக்கி அடிக்கும். பழகாத கை சுவரை நனைக்கும். மூடிய அறைக்குள் அளவுக்கு மிஞ்சி அடித்தால் அந்த 1,700 மடங்கு ஆவி அடித்தவரையே அவித்துவிடும்.

நம் வீடுகளில் உள்ள எரிவாயு சிலிண்டரில் நிரப்புவது 12.5 கிலோ. கிலோவுக்கு 46 மெகாயூல் என்று வைத்தால் உள்ளே 575 மெகாயூல். தாளில் எழுதினால் 230 லீற்றர் தண்ணீர் போதும். களத்தில் அப்படி இல்லை. எரியும் வாயுவைத் தண்ணீரால் அணைத்துவிட்டு வால்வைத் திறந்தபடி விட்டால், வாயு வீடெங்கும் பரவிப் பெரிதாக வெடிக்கும். ஆகவே சிலிண்டரைக் குளிர வைத்துக்கொண்டே ஒருவர் போய் வால்வைப் பூட்ட வேண்டும். 2021இன் இறுதி மாதங்களில் இலங்கை முழுவதும் எரிவாயு அடுப்பும் குழாயும் வெடித்த செய்திகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அந்த நாட்களில் மாமா உறவுக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கி, றெகுலேற்றர் குழாயில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போனார்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிறகு இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் கட்டிக் கொடுத்த வீடுகளின் அளவு 550 சதுர அடி. ஒரு வீட்டுக்கான மானியம் 5,50,000 ரூபா. முழுத் திட்டமும் 50,000 வீடு. மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் ஆயிரக்கணக்கில் கிடைத்தது. அப்படி ஒரு வீடு முழுதாகப் பற்றிக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அமெரிக்காவின் தேசியத் தீயணைப்புக் கழகம் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: சதுர அடியை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு வேண்டிய கலன். 550ஐ மூன்றால் வகுத்தால் 183 அமெரிக்கக் கலன். நம் கணக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 லீற்றர். 4,000 லீற்றர் தாங்கி ஆறு நிமிடம்கூடத் தாங்காது. ஆறு நிமிடத்துக்குள் அடக்கினால் வீடு. அடக்காவிட்டால் சுவர்.

அந்த 700 லீற்றரை யார் தூக்குவது? 64 மில்லிமீற்றர் குழாயில் மீற்றருக்கு 3.2 லீற்றர் தண்ணீர் நிற்கும். 20 மீற்றர்த் துண்டு ஒன்றில் 64 லீற்றர், அதாவது 64 கிலோ; துணியும் பித்தளைப் பூட்டும் தனி. மூன்று துண்டைப் பூட்டினால் தண்ணீர் மட்டும் இருநூறு கிலோவுக்குக் கிட்ட. குழாய் நிரம்பிவிட்டால் மூங்கில் மாதிரி விறைத்துக்கொள்ளும், சந்துக்குள் வளையாது. 7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 475 லீற்றர் போகும்போது, பிடித்திருப்பவரைப் பின்னுக்குத் தள்ளும் விசை 30 கிலோ எடையளவு. அதை ஒன்பது நிமிடம் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். மாமாவின் வலது தோள் இடதை விடச் சற்றுத் தாழ்ந்திருந்ததை உடலைக் குளிப்பாட்டிய அன்றுதான் நான் கவனித்துப் பார்த்தேன்.

தீ அணைந்த பிறகும் குழாய்க்கு வேலை இருக்கிறது. சேறு போகக் கழுவி, உயரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்து, நடுவில் மடித்துச் சுருட்ட வேண்டும். ஒரு முனைப் பூட்டு உள்ளே பத்திரமாகவும் மற்றது கைக்கு எட்டவும் இருக்க வேண்டும். ஒரு இழுப்பில் இரண்டு முனையும் விரிய வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் துணி உக்கிவிடும், அடுத்த தீயில் பிளந்துவிடும். வீட்டில் பூக்கண்டுக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயையும் மாமா அப்படித்தான் மடித்துச் சுருட்டி வைப்பார். பிள்ளைகள் அதைத் தாறுமாறாகப் போட்டிருந்தால் ஒன்றும் பேசாமல் எடுத்து, துடைத்து, மறுபடி சுருட்டுவார்.

மட்டக்களப்பைச் சுற்றித்தான் தண்ணீராயிற்றே என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். ஆழம் ஆகக் கூடிய இடத்திலும் நான்கு மீற்றர் அளவுதான். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலப்பதால் தண்ணீர் உவர். மாரி வெள்ளம் இறங்கும் மாதங்களில் மட்டும் நன்னீர்ப் பக்கம் சாயும். உப்புத் தண்ணீரைப் பம்புக்குள் இழுத்தால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அலசியாக வேண்டும். தவறினால் உள்ளே அரித்துவிடும். கரையோரம் கண்ணாக் காடும் சேறும் ஆற்றுவாழையும். உறிஞ்சு குழாயின் முனை சேற்றில் புதைந்தால் பம்ப் மண்ணைக் குடிக்கும், மேலே நின்றால் காற்றைக் குடிக்கும். எந்தப் பம்பாக இருந்தாலும் நடைமுறையில் ஏழு, ஏழரை மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சி எடுக்காது. அது காற்றழுத்தத்தின் எல்லை. வாவிக் கரையில் உயரம் பிரச்சினை இல்லை, வண்டி கரைக்கு இறங்குவதுதான் பிரச்சினை. வாவி அருகில் இருக்கிறது என்பதும் வாவியிலிருந்து தண்ணீர் எடுக்கலாம் என்பதும் வேறு வேறு.

வாவி தூரத்தையும் கூட்டிவிடுகிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நிற்கும் வண்டி மேற்கே படுவான்கரைக்குப் போக வேண்டுமென்றால் பாலம் தேட வேண்டும்: வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு. மண்முனைப் பாலம் யப்பான் உதவியில் 2014இல்தான் திறந்தது. அதுவரை அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். மனிதரும் மோட்டார் சைக்கிளும் ஏறிக் கடப்பதற்கானது, பத்து தொன்னைத் தாண்டும் தண்ணீர் வண்டிக்கானது அல்ல. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் கடந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மாவட்டத்தின் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் சனத்தொகை 5,26,567. மட்டக்களப்பு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு நகரில். தெற்கே கல்முனையில் இன்னொன்று, 40 கிலோமீற்றர் அளவில். வடக்கே வாழைச்சேனை 30 கிலோமீற்றருக்கு மேல். வழியில் மாடு படுக்காமல், ரயில் கடவை மூடாமல், மணிக்கு 60இல் ஓடினாலும் அரை மணித்தியாலம்.

அரை மணித்தியாலத்தில் என்ன நடக்கும்? அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுக்கூடம் இரண்டு அறைகளை ஒன்றாகப் பற்றவைத்துப் பார்த்தது. மரமும் பருத்தியுமாகப் பழைய சாமான் நிறைந்த அறை முழுதாகப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பஞ்சு மெத்தையும் பிளாஸ்ரிக்கும் செயற்கைத் துணியும் நிறைந்த இன்றைய அறைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கிடுகுக் கூரை நாட்களில் தீ வேகமானது. ஆனால் கொக்கை போட்டு இழுத்து விழுத்திவிட்டால் அடுத்த வீடு தப்பும், புகையும் வெறும் ஓலைப் புகை. கல்வீடு பெருகிய பிறகு தீ உள்ளேயே நின்று எரிகிறது, புகை நஞ்சாகிவிட்டது. மாமா இரண்டு காலத்திலும் வேலை செய்தவர். ஓலை வீட்டுத் தீயை எந்த நாளும் அணைக்கலாம், மெத்தைத் தீக்குத்தான் பயம் என்பது அவர் தீர்ப்பு.

அடுத்தது மூச்சு. முதுகில் சுமக்கும் ஆறு லீற்றர்க் காற்றுச் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்பினால் உள்ளே 1,800 லீற்றர் காற்று. சும்மா இருப்பவருக்கு நிமிடத்துக்கு ஏழெட்டு லீற்றர் போதும். குழாயோடு படியேறுபவருக்கு 40 முதல் 60 வரை வேண்டும். 55 பாரில் எச்சரிக்கை விசில் ஊதும். அதற்கு முன் பாவிக்கக் கிடைப்பது 1,470 லீற்றர். அதாவது அமைதியாக மூச்செடுப்பவருக்கு 36 நிமிடம், பதறுபவருக்கு 24 நிமிடம். உள்ளே போகிற தூரத்துக்கு எடுத்த காற்று திரும்பி வரவும் மிச்சம் இருக்க வேண்டும். உடுப்பு, தலைக்கவசம், சப்பாத்து, சிலிண்டர் எல்லாம் சேர்ந்து இருபது கிலோவைத் தாண்டும். நம் வெயிலில், அந்த உடுப்போடு.

இது எல்லாம் சிலிண்டர் இருக்கிற காலத்துக் கணக்கு. மாமாவின் தொடக்க வருடங்களில் முகத்தில் கட்டிக்கொண்டது நனைத்த துவாய். ஈரத் துவாய் கரியைக் கொஞ்சம் பிடிக்கும். காபனோரொட்சைட்டைப் பிடிக்காது. அந்த வாயு இரத்தத்தோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் பற்றாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு 1.3 பங்கு இருந்தாலே இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுந்துவிடும். "தலை இடிச்சா வெளிய வந்துருவோம், இடி நிண்டா திரும்பப் போவோம்." அவர் அதை வீரமாகச் சொல்லவில்லை. வேலை முறையாகச் சொன்னார்.

சில தீ நகரசபை வண்டியின் எல்லைக்குள் வராது. 2020 செப்ரெம்பர் 3ஆம் திகதி கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு நேரே, கரையிலிருந்து 38 கடல் மைல் தூரத்தில், 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பலில் தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸ் பணியாளர் ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் இழுவைக் கப்பல்களும் சேர்ந்து நாட்கணக்கில் போராடின. அப்போது மாமா வானொலியைக் கட்டிக்கொண்டு இருந்தார். கப்பல் தீ என்றாலே அவருக்கு 1944 ஏப்ரல் 14 ஞாபகம் வரும். பயிற்சியில் கேட்ட கதை. பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்ரிக்கின் என்ற கப்பல், உள்ளே பஞ்சுப் பொதியும் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளும். தீயணைப்பாளர்கள் தளத்தில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கையில் மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு வெடித்தது. 66 தீயணைப்பாளர்கள் போனார்கள். இந்தியாவில் அந்த நாளைத் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூருகிறார்கள். நமக்கு அது சித்திரை வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து, புத்தாடை உடுத்து, கைவிசேஷம் கொடுத்து முடிந்ததும் மாமா ஒரு நிமிடம் தனியாக நிற்பார். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைக் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பாளர்கள் இறந்தபோது, அந்தப் பக்கத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து வைத்திருந்தார்.

பண்டிகை நாள் தீயணைப்பாளர்களுக்கு வீட்டு நாள் இல்லை. பட்டாசு, விளக்கு, நீண்ட நேரச் சமையல், எல்லாம் அன்றுதான். இரவுக் கடமை முடித்து விடிய வந்து, பிள்ளைகளைக் கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டு, பிறகுதான் படுப்பார். அந்தப் பாலம் 1924இல் கட்டியது. புதுப் பாலம் 2013இல்தான் வந்தது. அதுவரை ஒடுங்கிய பழைய பாலத்தில் ஒரு பக்கம் வாகனம் வந்தால் மறுபக்கம் நிற்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கும் அதே விதிதான்.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். தண்ணீர்க் கணக்கை விட இது பெரியது.

மட்டக்களப்புத் தமிழர்களிடையே வீடு பெண்பிள்ளைக்கு. குடி தாய்வழியே வரும். கலியாணம் முடிந்தால் மருமகன் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். பிறகு அடுத்தவளுக்கு அடுத்த வீடு. எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை வீடு. மாமாவுக்கு மூன்று பெண்கள். மேலே சொன்ன இந்திய வீட்டுத் திட்டத்தின் அளவிலும் விலையிலும் வைத்தால்கூட மூன்று வீட்டுக்கு 1,650 சதுர அடி, 16,50,000 ரூபா. அந்த மானியம் பெற்ற குடும்பங்கள் பல அது போதாமல் நகை வைத்துத்தான் வீட்டை முடித்தன. மாமாவுக்கு எந்தத் திட்டத்திலும் வீடு கிடைக்கவில்லை. மாதச் சம்பளத்தில் கட்டினார்.

எப்படிக் கட்டினார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஒரு மாதம் கல், ஒரு மாதம் மணல், ஒரு மாதம் ஒன்றும் இல்லை. கடமை இல்லாத நாட்களில் மேசனுக்குக் கையாள் அவரேதான். நடு வீட்டின் அத்திவாரம் ஒரு மாரி முழுவதும் தண்ணீர் நிரம்பிக் கிடந்து, அதில் பிள்ளைகள் மீன் விட்டார்கள். மூன்றாவது வீட்டின் கூரை ஓய்வூதியப் பணிக்கொடையில்தான் ஏறியது. இலங்கையில் அரச ஓய்வூதியக்காரருக்கு 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை ஒன்றாகக் கைக்கு வரும். பிறகு பத்து வருடத்துக்கு மாத ஓய்வூதியத்தில் குறைத்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் யாத்திரை போகலாம், கண் சத்திரசிகிச்சை செய்யலாம். மாமா அதில் தீராந்தியும் சலாகையும் ஓடும் வாங்கினார். அஸ்பெஸ்ரஸ் சீற் மலிவு என்று எல்லாரும் சொன்னார்கள். ஓடுதான் என்று நின்றார். காரணம் பிறகு வரும்.

மூன்று வீட்டிலும் சமையலறைக்கு வெளியே போகத் தனி வாசல் உண்டு. எந்த யன்னலிலும் உள்ளிருந்து திறக்க முடியாத கம்பி இல்லை. மின்சாரப் பிரதான ஆளி பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறது. குப்பி விளக்கு வைக்கும் இடத்தில் மணல் நிரப்பிய தகரம். இவற்றுக்கு அதிகமாகச் செலவான பணத்தை யாரும் தனியாக எழுதவில்லை. ஆனால் அந்த மூன்று வீட்டிலும் இதுவரை ஒரு தீக்காயம்கூட இல்லை. முப்பது வருடம் அடுத்தவர் வீட்டில் பார்த்ததை ஒருவர் தன் பிள்ளைகளின் வீட்டில் திருத்தி எழுதினார் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் நிரந்தரமாவதே ஒரு பெரும் பாடு. உள்ளூராட்சி சபைகளில் அமைய ஊழியராக, பதிலீட்டு ஊழியராக நுழைந்து வருடக்கணக்கில் நாட்சம்பளத்துக்கு நின்றவர்கள் உண்டு. 2014ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 180 நாள் சேவை முடித்தவர்களை நிரந்தரமாக்க வழிவிட்டது. ஓய்வூதியத்துக்கு ஆகக் குறைந்த சேவை பத்து வருடம். ஐம்பது வயதில் நிரந்தரமான ஒருவர் அறுபது வரை ஒரு நாளும் முறியாமல் நின்றால்தான் அந்தக் கோட்டைத் தொடுவார். வண்டியின் பாடும் அப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கே தட்டுப்பாடு: ஜனவரியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460. நூறு லீற்றர் நிரப்ப 12,100 போய் 46,000 ஆயிற்று. சபைகளின் வரவு அப்படி ஏறவில்லை.

இனிப் புகை. சொல்ல வந்தது இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் லியோனில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022 ஜூனில் எட்டு நாடுகளின் 25 விஞ்ஞானிகளைக் கூட்டி, தீயணைப்புத் தொழிலை முதலாம் வகுப்பில் சேர்த்தது. அதாவது, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று போதிய சான்றோடு நிறுவப்பட்டவற்றின் வகுப்பு. அதற்கு முன் இது சந்தேகப் பட்டியலில்தான் இருந்தது. தீயணைப்பாளர்களுக்கு நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா ஏனையோரை விட 58 வீதம் கூடுதல், சிறுநீர்ப்பைப் புற்று 16 வீதம் கூடுதல் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மீசோதெலியோமாவுக்குப் பெரும் காரணம் அஸ்பெஸ்ரஸ் நார். கூரைச் சீற்றில் எடைக்கு நூற்றுக்கு எட்டு, பத்துப் பங்கு அந்த நார்தான். தீயில் சீற் படபடவென்று வெடித்துச் சிதறும். கூரை எரியும் வீட்டுக்குள் போய் வந்த எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். மாமா தன் மகளுக்கு ஓடு போட்டது இதனால்தான். அந்த நார் நெஞ்சுக்குள் போய் நோயாக வெளிப்பட இருபது முதல் நாற்பது வருடம் எடுக்கும். இருபத்தைந்து வயதில் பட்டது அறுபத்தைந்தில் இருமும். சம்பளம் கொடுத்த சபை அப்போது பொறுப்பில் இல்லை. மனைவியும் மகள்மாரும்தான் பொறுப்பு.

மாமாவின் இறுதி வருடங்களின் நோயைப் பற்றி வைத்தியர்கள் ஒருமுறையும் தொழிலைக் கேட்கவில்லை. "புகைத்தீர்களா?" என்று கேட்டார்கள். பீடி சுருட்டு தொட்டதில்லை என்றார், உண்மை. புகைக்குள் முப்பது வருடம் நின்றேன் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. சொன்னாலும் காட்ட ஒரு தாள் இல்லை.

தாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயோர்க் சாட்சி. 2001 செப்ரெம்பர் 11இல் அந்த நகரத் தீயணைப்புத் திணைக்களம் ஒரே நாளில் 343 பேரை இழந்தது. தப்பியவர்கள் அந்த இடிபாட்டின் தூசியில் மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். அந்தத் திணைக்களம் அதற்கு முன்பே தன் ஆட்களின் நுரையீரலை ஒழுங்காக அளந்து எழுதி வைத்திருந்தது. அதனால் 12,079 பேரின் முந்திய அளவையும் பிந்திய அளவையும் ஒப்பிட முடிந்தது. சாதாரணமாக வயதோடு வருடத்துக்கு 31 மில்லிலீற்றர் குறைகிற மூச்சுத்திறன், அந்த ஒரே வருடத்தில் சராசரி 372 மில்லிலீற்றர் குறைந்திருந்தது. பன்னிரண்டு வருட முதுமை ஒரு வருடத்தில். அந்தக் கணக்கு 2006இல் வெளியானது. யாராலும் மறுக்க முடியவில்லை. 2023 செப்ரெம்பரில் அந்தத் தூசியின் நோயால் பின்னர் இறந்த தீயணைப்புத் திணைக்களத்தாரின் எண்ணிக்கையும் 343ஐத் தொட்டது. அன்று இறந்தவர்களும் பிறகு இறந்தவர்களும் சமம் என்று அப்போது இலக்கத்தோடு சொல்ல முடிந்தது, ஏனென்றால் எழுதி வைத்தார்கள்.

கனடாவில் மனிற்றோபா மாகாணம் 2002இலேயே சட்டத்தை மாற்றியது: குறித்த வருடங்கள் சேவை செய்த தீயணைப்பாளருக்குக் குறித்த புற்றுநோய் வந்தால் அது தொழிலால் வந்தது என்றே கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது மறுபக்கத்தின் வேலை. 2007இல் ஒன்ராறியோவும் அப்படிச் செய்தது. ஒன்ராறியோவில் நம் ஊர் ஆட்கள் இல்லாத தெரு குறைவு. அங்கே இருக்கும் உரிமை இங்கே ஏன் இருக்கக் கூடாது?

சட்டம் வர நாளாகும். அட்டை ஒன்று வைக்க நாளாகாது. ஒவ்வொரு தீயணைப்பாளர் பேரிலும் ஒரு அட்டை. போன திகதி, இடம், எரிந்தது ஓலையா பஞ்சா பிளாஸ்ரிக்கா அஸ்பெஸ்ரஸ் கூரையா, உள்ளே நின்ற நிமிடம், அதில் முகக்கவசத்தோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு, திரும்பி வந்தபின் இருமலோ தலையிடியோ இருந்ததா. சேரும் நாளில் ஒரு மூச்சளவு, வருடத்துக்கு ஒன்று, ஓய்வு பெறும் நாளில் ஒன்று. அட்டையின் பிரதி வீட்டுக்கு. ஊதிப் பார்க்கும் கருவி மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இருக்கிறது. சபைகள் செய்ய வேண்டியது ஆளை அனுப்புவதும் முடிவை எழுதி வைப்பதும்தான். வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எத்தனை லீற்றர் டீசல் குடித்தது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிறோம். வண்டியில் போனவரின் நெஞ்சுக்கும் ஒரு பக்கம் வேண்டும். மாநகர, நகர, பிரதேச சபை உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்கு அட்டை இனி வராது. அவர்கள் உங்கள் வீட்டிலோ வீதியிலோ இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு போய்ப் பக்கத்தில் இருங்கள். எந்த வருடம் சேர்ந்தார், முகக்கவசம் எந்த வருடம் கிடைத்தது, மறக்க முடியாத தீ எது, அங்கே என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் உள்ளே நின்றார் என்று கேட்டு எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் அவரையே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை சிகிச்சை நிலையத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோய், வைத்தியர் கேட்கும் முன்பே அவர் என்ன வேலை செய்தவர் என்பதைச் சொல்லிவிடுங்கள்.